மனைபுகுந்த திரை

கலையொன்று தான் பிறந்த இடத்தை விட்டுப் பிறிதோர் இடத்துக்குப் பெயரும்போது அதன் உருவும் பயனும் வேறுபடுதல் இயல்பு. கோயில் வீதியிலே பாடப்பெற்ற பதிகம் ஏட்டில் எழுதப்பெற்ற பின்னர் ஓதுவார்க்கு மட்டுமன்றி ஆராய்வார்க்கும் உரியதாயிற்று. களரியில் விடியவிடிய ஆடப்பெற்ற கூத்து அச்சேறிய பின்னர் படித்தற்குரிய நாடகமுமாயிற்று. திரைப்படக் கலையும் இவ்விதிக்கு விலக்கன்று. இருண்ட மண்டபத்திலே பலர் கூடியிருந்து கண்ட அக்கலை, நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்திற் படிப்படியாக மனைபுகுந்து, இன்று பலருக்கு மனையிலேயே காணும் பொருளாகிவிட்டது. இப்பெயர்ச்சியால் அக்கலை பெற்றது யாது, இழந்தது யாது என்பன ஆராய்தற்குரியன.

இப்பொருள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இருசாரார். திரைப்படம் அரங்குக்கே உரியது என்றும், வீட்டுக்கு வந்த படம் உயிர் நீங்கிய உடலை ஒக்கும் என்றும் ஒருசாரார் கூறுவர். விரும்பிய படத்தை விரும்பிய வேளையிற் காணும் வசதியே இக்கலை அடையவேண்டிய முடிந்த நிலை என்பர் மற்றொருசாரார். முன்னவர் திரையின் அளவையும் ஒளியையும் கருதினர். பின்னவர் காண்போனின் சௌகரியத்தைக் கருதினர். இருவரும் கருதாது விட்ட வினா ஒன்றுண்டு. படத்தின் பிரதி யார் கையில் இருக்கின்றது என்பதே அது. அவ்வினாவை முன்வைத்து நோக்கினாலன்றி, வீட்டிற் படம் பார்த்தலின் வரலாறு வெறுங் கருவிகளின் வரலாறாகவே முடியும்.

திரைப்படம் தொடக்கத்திலேயே பலர் கூடிக் காணும் கலையாகப் பிறந்தது என்று கொள்ளுதல் முற்றும் பொருந்தாது. 1894இல் நியூ யோர்க் நகரத்திலே எடிசனின் கினெற்றஸ்கோப் பெட்டிகள் பொதுமக்களுக்காக வைக்கப்பட்டபொழுது, ஒருவர் குனிந்து ஒரு துளைவழியே தனித்துப் பார்த்தார். 1895 டிசெம்பர் 28ஆந் திகதி பாரிசிலே லூமியர் சகோதரர் கட்டணம் பெற்றுத் திரையிற் படங் காட்டிய பின்னரே கூடியிருந்து காணும் முறை நிலைபெற்றது. ஆயினும், படத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் விரைவிலேயே தோன்றிற்று. அதற்குப் பெருந்தடையாயிருந்தது தீ. அக்காலத்துப் படச்சுருள் எளிதிற் பற்றி எரியும் நைத்திரேற்றினால் ஆயது. அதனை வீட்டுக் கூடத்தில் விளக்கின் முன் ஓட்டுதல் ஆபத்தானது. 1912இல் எடிசன் வெளியிட்ட வீட்டுக் கினெற்றஸ்கோப்பும், பிரான்சின் பாதே கம்பனி வெளியிட்ட கையாற் சுற்றும் பொறியும் எளிதில் தீப்பற்றாத அசற்றேற்றுச் சுருளைக் கையாண்டன. வீட்டுக்கெனத் தனி அகலமுள்ள சுருள்கள் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1922இன் இறுதியில் வந்த ‘பாதே பேபி’ என்னும் சிறு பொறி இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அதன் சுருள் 9.5 மில்லிமீற்றர் அகலமே உடையது. ஊமைப்படங்களிலே கதையை விளக்குதற்கு இடையிடையே எழுத்துக்கள் தோன்றும். அவற்றை வாசிக்கும் வரை சுருள் ஓடிக்கொண்டிருந்தால் நீளம் வீணாகும். ஆதலின் எழுத்துள்ள இடத்திற் சுருளின் ஓரத்திலே ஒரு வெட்டு இடப்பட்டது. அவ்வெட்டு வந்தவுடன் படம் தானே சில விநாடி நின்று, பின் ஓடிற்று. பிற்காலத்து வீடியோப் பொறியில் ஒரு விசையை அழுத்திப் படத்தை நிறுத்துங்கால் நிகழ்வது, ஐம்பதாண்டுக்கு முன்னரே இவ்வாறு ஒரு சிறு வெட்டினால் நிகழ்ந்தது. 1923இல் கொடாக் கம்பனி 16 மில்லிமீற்றர்ச் சுருளையும், 1932இல் 8 மில்லிமீற்றர்ச் சுருளையும் வெளியிட்டது. இச்சுருள்களில் வந்த பெரும்படங்கள் பல சுருக்கப்பட்டவை. ஒளியும் தெளிவுங் குன்றியவை. மூலத்தை அறிந்தார் அவற்றை எள்ளியதில் வியப்பில்லை.

ஆனால், எள்ளப்பட்ட அச்சிறு சுருளே ஒரு பெருங்காவியத்தை மீட்டெடுத்தது. அபெல் கான்ஸ் என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1927இல் வெளியிட்ட ‘நெப்போலியன்’ ஊமைப்படங்களின் உச்சங்களுள் ஒன்று. அதன் இறுதிப்பகுதி மூன்று திரைகளில் ஒருங்கே காட்டுதற்கென அமைக்கப்பட்டது. பேசும்படம் வந்தபின் அது வெட்டியுஞ் சிதைத்தும் காட்டப்பட்டு, முழுவடிவிற் காண்பதற்கு அரிதாயிற்று. 1954இல் இங்கிலாந்திலே பாடசாலை மாணவராயிருந்த கெவின் பிரவுண்லோ என்பார்க்கு அப்படத்தின் 9.5 மில்லிமீற்றர்ச் சுருள்கள் இரண்டு கிடைத்தன. வீட்டுச் சுவரிலே அவற்றைக் கண்ட அம்மாணவர் எஞ்சிய பகுதிகளைத் தேடத் தொடங்கினார். அத்தேட்டம் கால் நூற்றாண்டு நீடித்தது. பல்வேறு காப்பகங்களிலும் சேகரிப்பாளரிடத்தும் கிடந்த துண்டுகளைத் தொகுத்து அவர் மீட்ட வடிவம் 1979இல் அமெரிக்காவின் ரெலுறைட் நகரத்து விழாவிற் காட்டப்பட்டது. 89 வயதினரான கான்ஸ் அங்கிருந்து அதனைக் காணும் பேறு பெற்றார். 1980இல் இலண்டன் மாநகரிலே புதிய இசையுடன் அது அரங்கேறிற்று.

இந்நிகழ்ச்சியைத் தமிழறிஞர் எளிதில் உணர்வர். தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களைத் தேடிச் சென்ற காலத்தில், ஏடுகள் மடங்களில் மட்டும் இருக்கவில்லை. புலவர் வழியினர் வீட்டுப் பரண்களிலும் கிடந்தன. வைத்திருந்தோர் பலர் அவற்றின் அருமை அறிந்தாரல்லர். சில ஏடுகள் முதலும் இறுதியும் இழந்திருந்தன; சில பிழை மலிந்திருந்தன. எனினும் பல வீடுகளில் பல பிரதிகள் கிடந்தமையாலேயே ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடந் துணிதல் இயன்றது. 1887இல் தாமோதரம்பிள்ளை பதிப்பித்த கலித்தொகையும், அவ்வாண்டே சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணியும் இவ்வாறு வந்தவையே. குறையுடைய பிரதியும் பிரதியே. அது மூலத்துக்கு ஈடாகாது, ஆனால் மூலத்துக்கு வழிகாட்டும். பிரவுண்லோவுக்குக் கிடைத்த இரு சுருள்களும் இத்தகையனவே.

இஃது ஒருவர்க்கு வாய்த்த தனி நற்பேறு என்று ஒதுக்குதற்கில்லை. 2008இல் ஆர்ஜென்ரீன நாட்டின் புவனஸ் ஐரிஸ் நகரத்துத் திரைப்பட நூதனசாலையில் பிறிற்ஸ் லாங்கின் ‘மெற்றோபோலிஸ்’ (1927) படத்தின் இழந்த பகுதிகள் 16 மில்லிமீற்றர்ச் சுருளாகக் கண்டெடுக்கப்பட்டன. தனியார் ஒருவர் தம்மிடம் வைத்திருந்த பிரதியின் வழிவந்தது அச்சுருள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912க்கும் 1929க்கும் இடையில் அமெரிக்காவில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 நீண்ட ஊமைப்படங்களுள் நூற்றுக்கு 14 மட்டுமே முதலிற் காட்டப்பட்ட வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன. மேலும் 11 வீதம் வேற்றுநாட்டு வடிவங்களிலோ தரங்குன்றிய சிறு சுருள்களிலோ எஞ்சியுள்ளன. படங்களை ஆக்கிய கம்பனிகள் தம் சுருள்களை எரியவும் அழியவும் விட்ட காலத்தில், அவற்றுட் சிலவற்றைத் தாங்கி நின்றவை இச்சிறு பிரதிகளே என்பது இதனாற் போதரும்.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. இதுவே திரைப்படத்தை எண்ணிறந்த வீடுகளிற் புகுத்திய சாதனம். ஆனாற் பிரதியை வீட்டிலே வைக்காத சாதனமும் இதுவே. 1950களின் நடுப்பகுதியில் ஹொலிவூட் கம்பனிகள் தம் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்கத் தொடங்கின. 1956 நவம்பர் 3ஆந் திகதி அமெரிக்காவின் சீ.பீ.எஸ். நிலையம் ‘த விஸாட் ஒவ் ஒஸ்’ (1939) என்னும் படத்தை ஒளிபரப்பிற்று. அப்படத்திலே நாயகி தன் ஊரின் மங்கிய உலகை விட்டு மாயநாட்டின் கதவைத் திறக்குமிடத்தில் திரை முழுதும் வண்ணமயமாகும். கதையின் பொருளே அம்மாற்றத்தில் அடங்கியுள்ளது. வண்ணத்திலேயே ஒளிபரப்பப்பட்டதாயினும், வண்ணப் பெட்டிகள் மிகச் சிலரிடமே இருந்தமையாற் பெரும்பாலார் இரு நாடுகளையும் ஒரே சாம்பல் நிறத்திற் கண்டனர். கதை அவர்க்கு எட்டியது, கலை எட்டவில்லை.

இதனினும் பெருங்கேடு சட்டத்தின் அளவினால் விளைந்தது. தொலைக்காட்சியை வெல்லும் பொருட்டு ஹொலிவூட் 1953இற் புகுத்திய அகலத்திரை சினமாஸ்கோப். அதன் அகலம் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ உயரத்தின் ஒன்றேகால் மடங்குக்குச் சிறிது கூடியது. 1961 செத்தெம்பரில் என்.பீ.சீ. நிலையம் தன் சனிக்கிழமை இரவுப் படவரிசையைத் தொடங்கியபொழுது முதலிற் காட்டியது ‘ஹவ் ரு மரி எ மில்லியனெயர்’ (1953) என்னும் சினமாஸ்கோப் படம். தொலைக்காட்சியை வெல்ல எடுத்த படம் தொலைக்காட்சிக்குள்ளேயே அடைபட்டது. அகலப்படத்தைச் சிறு சட்டத்தை நிரப்புமாறு காட்டுங்கால் அதன் பாதி வெளியே தள்ளப்படும். எந்தப் பாதியைக் காட்டுவது என்று தீர்மானித்தவர் இயக்குநரல்லர், நிலையத்து வினைஞர். இருவர் இரு மருங்கும் நின்று உரையாடும் காட்சியில் ஒருவரை மாற்றி ஒருவரைக் காட்டியும், இல்லாத அசைவைப் புகுத்தியும் படத்தை அவர்கள் வேறொன்றாக்கினர். செய்யுளின் அடிதோறும் பின்னிரு சீரை நீக்கிவிட்டு, பொருள் விளங்குகின்றதே என்று அமைதி கூறுவதை ஒக்கும் இது. அரங்கை உயர்த்திப் பேசுவோர் கூறும் குற்றச்சாட்டுகளுள் மறுக்கமுடியாதது இஃதொன்றே எனலாம்.

தொலைக்காட்சி பறித்த உரிமையை மீளக் கொடுத்தது வீடியோ நாடா. யப்பானியக் கம்பனியாகிய சோனி 1975இல் பீற்றாமக்ஸ் முறையையும், ஜே.வீ.சீ. 1976இல் வீ.எச்.எஸ். முறையையும் வெளியிட்டன. முன்னதன் முதல் நாடா ஒரு மணி நேரமே ஓடிற்று. பின்னது இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு முழுப்படம் ஒரு நாடாவில் அடங்குதல் பின்னதன் வெற்றிக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. ஒளிபரப்பை வீட்டிற் பதிந்து வைத்தல் களவு என்று யூனிவேர்சல், டிஸ்னி என்னும் இரு கம்பனிகள் 1976இல் வழக்குத் தொடுத்தன. பிறிதொரு வேளையிற் பார்த்தற்கென வீட்டிலே பதிதல் குற்றமன்று என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1984 சனவரி 17ஆந் திகதி தீர்த்தது. நீதியரசர் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்றனர். ஒருவர் மாறியிருப்பின் முடிவு மாறியிருக்கும். இதனிடையே 1977இல் 50 படங்கள் நாடாவில் விற்பனைக்கு வந்தன. வாங்கிய நாடாவை வாடகைக்குக் கொடுத்தற்குச் சட்டம் இடந்தந்தமையால் வாடகைக் கடைகள் ஊர்தோறும் முளைத்தன. எந்த வீடியோ தம்மை அழிக்குமெனக் கம்பனிகள் அஞ்சினவோ, அதன் வருவாயே 1980களின் பிற்பகுதியில் அரங்க வருவாயை விஞ்சி அவற்றை வாழ்வித்தது.

வீட்டிற் படம் பார்த்தல் மனிதரைத் தனியராக்கும் என்னும் கூற்றைச் சோதித்தற்கு யாழ்ப்பாணம் தக்க உரைகல்லாகும். இலங்கையிலே தொலைக்காட்சி 1979இலும், ரூபவாஹினிச் சேவை 1982இலும் தொடங்கின. போர்க்காலத்தில் மின்சாரம் அற்றுப்போன யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே ரீ.வீ.யும் டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுக்கப்பட்டன. அயலவர் பணஞ் சேர்த்துக் கொடுப்பர். பெட்டி முற்றத்திலே வைக்கப்படும். பாய் விரித்துச் சிறுவரும் முதியவரும் இருப்பர். ஓர் இரவில் இரண்டு மூன்று படங்கள் ஓடும். மண்ணெண்ணெய் தீர்ந்தாலோ பொறி நின்றாலோ முடிவு தெரியாமலே எழவேண்டும். கூத்துக் களரியின் விடியவிடியப் பார்க்கும் மரபு சிறு பெட்டியின் முன் மீண்டும் உயிர்பெற்றது போன்றது அது. ஆகவே, கருவி வீட்டுக்குரியதாயினும் பார்வை வீட்டளவிற் சுருங்கவேண்டும் என்னும் நியதியில்லை. கூடுதலும் தனித்தலும் சமுதாய நிலையைப் பொறுத்தனவன்றித் திரையின் அளவைப் பொறுத்தனவல்ல.

நாடா பிரதியைத் தந்தது. அப்பிரதியை நூலாக்கியது ஒளித்தட்டு. 1978இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர்த் தட்டின் ஒருவகையிலே ஒரு பக்கத்துக்கு 54,000 படங்கள் இலக்கமிட்டுப் பதியப்பட்டன. வேண்டிய படத்தை இலக்கத்தாற் சுட்டி அசையாது நிறுத்திப் பார்த்தல் இயன்றது. செய்யுளை எண்ணாற் சுட்டும் வசதி திரைப்படத்துக்கும் கிட்டியது என்க. 1984இல் கிறைற்றீரியன் என்னும் வெளியீட்டார் ‘சிற்றிசன் கேன்’ (1941) படத்தையும், அடுத்து ‘கிங் கொங்’ (1933) படத்தையும் தட்டில் வெளியிட்டனர். பின்னதில், படம் ஓடும்போதே அதன் ஆக்கத்தை விளக்கும் அறிஞர் ஒருவரின் உரை தனி ஒலித்தடத்திற் பதியப்பட்டது. மூலமும் உரையுமாக நூலைக் கற்கும் மரபில் வந்தார்க்கு இதன் சிறப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1996இல் யப்பானில் வெளிவந்த டீ.வீ.டீ. இறுவட்டு இவ்வசதிகளை மலிவாக்கிற்று. படம் எடுக்கப்பட்ட அகலத்திலேயே பார்க்கும் முறையையும் பரவச் செய்தது.

இவ்வசதியாற் கேடு விளையவில்லையோ எனின், விளைந்தது. அரங்கிலே படத்தின் காலத்துக்குக் காண்போன் கட்டுப்படுவான். வீட்டிலே காண்போனின் காலத்துக்குப் படம் கட்டுப்படும். பாட்டை ஓட்டிவிட்டுச் சண்டையைப் பார்ப்பாரும், சண்டையை விட்டுப் பாட்டைப் பார்ப்பாரும் நாடாக் காலத்திலேயே உளர். 2020இல் நெற்பிளிக்ஸ், படத்தின் வேகத்தைக் கூட்டியுங் குறைத்தும் பார்க்கும் வசதியைக் கைப்பேசியிற் புகுத்திற்று. முன்னாண்டில் அது பரீட்சிக்கப்பட்டபோதே இயக்குநர் சிலர் எதிர்த்தனர். மௌனத்தின் நீளத்தை அளந்து வைத்த கலைஞனின் உழைப்பு ஒரு விரலசைவிற் சிதைதல் உண்மை. எனினும், நூலைத் தாள் தள்ளிப் படிப்பார் உளர் என்பதற்காக நூல் வீட்டில் இருத்தலாகாது என்பார் இல்லை. பொறுப்பற்ற வாசகன் கையிற் சிதையும் அதே நூல், பொறுப்புள்ள வாசகன் கையில் ஆழ்பொருள் தரும். குற்றம் வாசிப்பினதன்றிப் பிரதியினதன்று.

இங்ஙனம் வளர்ந்துவந்த உரிமை இன்று மீளத் தேய்கின்றது. 1998இல் இறுவட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பத் தொடங்கிய நெற்பிளிக்ஸ், 2007இல் இணையவழியே படங்காட்டத் தொடங்கி, 2023 செத்தெம்பர் 29ஆந் திகதி இறுவட்டு அனுப்புதலை நிறுத்திவிட்டது. வீடியோ டெக் உற்பத்தியும் 2016இல் நின்றது. ‘பொன்மகள் வந்தாள்’ (2020) முதலிய தமிழ்ப் படங்கள் அரங்கு காணாமலே நேரே இணையத்தில் வந்தன. சந்தா செலுத்துவோன் எண்ணற்ற படங்களைக் காண்கின்றான். ஆனால் ஒன்றையேனும் உடையனல்லன். 2023 மே மாதத்தில் டிஸ்னியின் இணையச் சேவையில் வந்த ‘கிறேற்றர்’ என்னும் படம் ஏழு வாரங்களில் அங்கிருந்து நீக்கப்பட்டது. பின்னர் அவ்வாண்டிலேயே இணையத்தில் விலைக்கு வந்தது எனினும், இடைப்பட்ட காலத்தில் அதனைச் சட்டப்படி காண வேண்டினார்க்கு வீட்டிலும் பிரதியில்லை, கடையிலும் பிரதியில்லை. தொலைக்காட்சிக் காலத்து நிலை மேலும் அழகிய தோற்றத்துடன் மீண்டும் வந்துள்ளது: திரை வீட்டினுடையது, படம் வேறொருவருடையது. அகலமும் நிறமும் ஒலியும் குறைவின்றி வருகின்றன. முன்னர்ப் பாதி வெட்டப்பட்டமை கண்ணுக்குத் தெரிந்தது, இன்று முழுமையும் மறைந்தாலும் அடுத்த படத்தின் அழைப்பில் அது தெரிவதில்லை.

ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியும் என்பதை இலங்கைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது வேறெங்கும் பிரதியுள்ள அச்சு நூல்களை மீள வாங்க முடிந்தது. பிரதியற்ற ஏடுகள் மீளவில்லை. 1983 யூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீயிடப்பட்டபொழுது படச்சுருள்களும் எரிந்தன. பெருங் காப்பகங்கள் இன்றியமையாதன. ஆனாற் காப்பகம் ஒன்றையே நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது. கம்பனியின் இலாபக் கணக்கையும் அரசின் மனப்போக்கையும் கலகக்காரர் தீயையும் கடந்து கலை வாழ்வது, பல கைகளிற் பல பிரதிகளாக அது சிதறிக் கிடக்கும்போதே.

ஆதலின், வீட்டிற் படம் பார்த்தலை அரங்கின் தாழ்ந்த நிழலெனக் கொள்வதும், அரங்கை வென்ற புதுமையெனக் கொள்வதும் பொருந்தா. படங் காணுதல் அரங்கிலும் நிகழலாம், மனையிலும் நிகழலாம். படத்தைக் காத்தலுங் கற்றலும் பிரதி கைக்கெட்டும் இடத்திலேயே நிகழும். பழைய டெக்குகள் அருகிவருகின்றன. நாடாவின் காந்தப் பதிவு ஆண்டுதோறும் மங்குகின்றது. வீட்டு அலுமாரிகளிற் கிடக்கும் நாடாக்களையும் இறுவட்டுகளையும் குப்பையென எறியாது, கல்லூரி நூலகங்களும் ஊர் வாசிகசாலைகளும் பெற்றுப் பட்டியலிட்டுப் புதிய வடிவிற் பெயர்த்து வைத்தல் பெருஞ்செலவின்றி ஆகக்கூடிய பணி. அவற்றுட் பல தரங்குன்றியனவாயிருக்கலாம். சில முதலோ இறுதியோ அற்றனவாயிருக்கலாம். தாமோதரம்பிள்ளைக்குக் கிடைத்த ஏடுகளும் அத்தகையனவே.